ரோபோட் திரும்பி வந்ததா?

இந்த வருடம், அதாவது 2026 ஜனவரி முதல் தேதி, காலை ஆறு மணிக்கே எங்கள் வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மார்கழி மாதம் ஆயிற்றே, யாரோ கோயிலுக்குக் கிளம்புகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன். பார்த்தால் என் பேத்தி, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பதினெட்டு வயது. கல்லூரியில் முதல் வருடம். எட்டு மணிக்கு முன்னால் அவளை எழுப்ப வேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"ஆறரைக்கு கடைசி எபிசோட் தாத்தா. கொஞ்சம் பேசாம இருங்க."

கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்த என் மனைவி நின்று பார்த்தாள். "திருவெம்பாவைக்கு எழுந்திரிக்காத பொண்ணு, பேய்ப் படத்துக்கு எழுந்திரிச்சு உட்கார்ந்திருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டிவி பக்கத்தில் ஒரு டம்ளரில் சாய்த்து வைத்த செல்போன். அதில் இன்னொரு முகம். என் பெரியப்பாவின் கொள்ளுப்பேரன். பாரீஸுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் இருக்கிறான். இருபது வயது. முறைக்கு அவளுக்கு அண்ணன். அங்கே அப்போது இரவு மணி இரண்டு. நமக்கு ஆறரை, அவர்களுக்கு இரண்டு. ஒரே நிமிடத்தில் உலகம் முழுக்கத் திறந்துவிடுகிறார்களாம். இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பதாக ஒப்பந்தம். என்னைப் பார்த்ததும் "போன் அன்னே, தாத்தா!" என்றான். நானும் பதிலுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னேன். அவ்வளவுதான், படம் ஆரம்பித்துவிட்டது.

தொடரின் பெயர் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்'. பார்க்காத நண்பர்களுக்காக இரண்டு வரியில் சொல்கிறேன். அமெரிக்காவில் ஹாக்கின்ஸ் என்று ஒரு கற்பனை ஊர். காலம் 1983இல் ஆரம்பம். அந்த ஊரில் ஒரு ரகசிய ஆராய்ச்சிக்கூடம். அங்கே வளர்ந்த ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் கிடையாது, எண்தான். பதினொன்று. மனதாலேயே பொருட்களை நகர்த்துவாள். நம் உலகத்துக்கு அடியில் தலைகீழாக இன்னொரு உலகம். அங்கிருந்து வரும் பூதங்களோடு சைக்கிள் ஓட்டுகிற நாலைந்து பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். 2016இல் தொடங்கி ஐந்து பருவங்கள் வந்தது. என் பேத்தி அதை முதலில் பார்த்தபோது அவளுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. அந்தப் பிள்ளைகளோடு இவளும் வளர்ந்துவிட்டாள்.

கடைசி எபிசோட் இரண்டு மணி நேரத்துக்கு மேல். நானும் காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாதி புரியவில்லை. ஆனால் முடிவு புரிந்தது. முடிவை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். அந்தப் பதினொன்று என்ற பெண், தன்னால் மறுபடி யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்று, இடிந்து அழியப் போகிற அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறாள். எல்லாம் அழிந்துபோகிறது. கொஞ்ச காலம் கழித்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து விளையாடும்போது, அவளை நேசித்த பையன் ஒரு கதை சொல்கிறான்: அவள் சாகவில்லை, அழிந்தது போல ஒரு மாயத் தோற்றத்தைக் காட்டிவிட்டுத் தப்பித்துவிட்டாள், எங்கோ தூரத்தில் அருவிகள் இருக்கிற ஊரில் இருக்கிறாள் என்று. உண்மையா, அவன் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னதா? ஒவ்வொருவரும் "நான் நம்புகிறேன்" என்கிறார்கள். அதோடு முடிந்தது.

பேத்தி அழுதுகொண்டிருந்தாள். செல்போனில் இருந்த பையன் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை. அவன் சொன்னான், இது ஏமாற்று வேலை. செத்தாள் என்றால் செத்தாள் என்று சொல்லணும், இருக்கிறாள் என்றால் காட்டணும், இரண்டு பக்கமும் நிற்கக்கூடாது. பத்து வருஷம் காக்க வைத்துவிட்டு, முடிவை நீயே எழுதிக்கொள் என்று சொல்ல இவர்கள் யார்? இவள் சொன்னாள், அதுதான் அழகு. அவள் உயிரோடு இருக்கிறாள், நம்புகிறவனுக்கு இருக்கிறாள். "உனக்கு எல்லாத்துக்கும் ப்ரூஃப் வேணும்" என்று அவனைத் திட்டினாள். அவன் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். இவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மொழிபெயர்க்கவில்லை.

இவர்கள் இருவர் மட்டுமில்லை, உலகம் முழுக்க இதே இரண்டு கட்சியாம். மூன்றாவதாக ஒரு கட்சியும் கிளம்பியது. அவர்களைத்தான் நான் மிகவும் ரசித்தேன். காட்டியது உண்மையான முடிவே இல்லை, ரகசியமாக இன்னொரு எபிசோட் இருக்கிறது, ஜனவரி 7ஆம் தேதி வெளிவரும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். யார் எந்தச் சட்டை போட்டிருந்தார்கள், கையை எப்படி மடித்து வைத்திருந்தார்கள் என்று காட்சி காட்சியாக நிறுத்திப் பார்த்து ஆதாரம் திரட்டினார்கள். 7ஆம் தேதி வந்தது. ஒன்றும் வரவில்லை. பேத்தி வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கும் சீக்கிரம் எழுந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

அன்று மாலை வந்து கேட்டாள். "நீங்க சொல்லுங்க தாத்தா. அவ இருக்காளா, இல்லையா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கு அவளுடைய அப்பன் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த அமெரிக்கப் பிள்ளைகள் சைக்கிளில் பூதம் தேடிக்கொண்டிருந்ததாகக் காட்டுகிற அதே எண்பதுகளில், இங்கே எங்கள் தெருவில் மொத்தம் மூன்று டிவி. வீட்டு மாடியில் உயரமான இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டியிருப்பார்கள். காற்றும் வானமும் ஒத்துழைத்தால் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கையின் ரூபவாஹினிகூட வரும். ஆன்டெனாவைத் திருப்ப மாடியில் ஒருவன், "இப்ப வருதா?" என்று கேட்க, "இல்லடா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல ஜன்னலில் ஒருவன். அந்தக் காலத்தில் தூர்தர்ஷனில் 'ஜெயன்ட் ரோபோட்' என்று ஒரு ஜப்பானியத் தொடர் வந்தது. ஜப்பானில் அது 1967-68இல் எடுக்கப்பட்டது. மொத்தம் 26 வாரக் கதை. நம்மிடம் வந்து சேர இருபது வருடம் ஆயிற்று. எகிப்து மன்னர் மாதிரித் தலை வைத்த ராட்சத ரோபோட். ஜானி என்ற சின்னப் பையன் கைக்கடிகாரத்தில் கட்டளையிட்டால் பறந்து வரும். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த கில்லட்டின் சக்கரவர்த்திதான் வில்லன். என் மகனுக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. ஓடாத கைக்கடிகாரம் ஒன்றை என்னிடமிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டு அதில் பேசிக்கொண்டே பள்ளிக்கூடம் போவான்.

கடைசி வாரம். பக்கத்து வீட்டுக் கூடத்தில் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடியிருந்தார்கள். கதை உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. வரவே இல்லை. எட்டு மணிக்கு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் முடிவைப் பற்றி இரண்டு விதமான தகவல். திருநள்ளாறிலிருந்து வரும் பையன் சொன்னான், ரோபோட் வெடித்துப் போய்விட்டது என்று. கோட்டுச்சேரிப் பையன் சொன்னான், இல்லை, வில்லனை வானத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டது என்று. உண்மையில் என்ன நடக்கிறது என்றால், அந்த வில்லனின் உடம்பே அணுசக்தி. பூமியில் வைத்து அவனை அழித்தால் பூமியும் அழியும். எனவே ரோபோட் அவனைத் தூக்கிக்கொண்டு தானாகவே விண்வெளிக்குப் பறக்கிறது. ஜானி திரும்பி வா, திரும்பி வா என்று கட்டளையிடுகிறான். கதை முழுவதும் அவன் சொல்லைத் தட்டாத ரோபோட் அந்த ஒரு கட்டளையை மட்டும் கேட்கவில்லை. எரிகல் ஒன்றில் மோதி இரண்டும் அழிகின்றன.

இது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு மகன் வந்து "அப்பா, ரோபோட் திரும்பி வந்துச்சா?" என்று கேட்டபோது, "வந்திருக்கும்டா" என்று சொல்லிவிட்டேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். கோட்டுச்சேரிக் கட்சியில் சேர்ந்துவிட்டான். இன்று அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. போன வாரம் இந்தப் பேச்சு வந்தபோது, "யூடியூப்ல போட்டிருக்கான்பா. எப்ப வேணா பார்க்கலாம். நான் கடைசி எபிசோட் மட்டும் பார்க்கவே இல்ல" என்றான்.

பெரியவர்கள் மட்டும் என்ன உசத்தி? சுஜாதா ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' எழுதிய நாட்களில் எங்கள் ஆபீஸில் விகடன் வருகிற அன்று மதியச் சாப்பாட்டு நேரம் அரை மணி நீளும். 2021ஆம் ஆண்டு வாக்கில் நடக்கிற கதை. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. மக்களுக்கு நிலா, சிபி, ரவி, மனோ என்று இரண்டெழுத்துப் பெயர்கள். பேசுகிற, புத்தகம் படிக்கிற ஜீனோ என்ற இயந்திர நாய். பிற்பாடு தூர்தர்ஷனிலும் அது தொடராக வந்தது. நாட்டையே ஆட்டிப் படைத்த ஜீவா, ஆள் இல்லை, வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரிந்த வாரம், எங்கள் செக்‌ஷனில் ஒரு வேலையும் நடக்கவில்லை. "ஏமாத்திட்டார்யா வாத்தியார்" என்றார் ஹெட் கிளார்க். "இதைவிட உண்மையா யாரும் எழுதினதில்ல சார். நமக்கு மேல இருக்கிறவன் எவனை நாம நேர்ல பார்த்திருக்கோம்?" என்றார் டைப்பிஸ்ட். கதை முடிந்தபோதும் இதே தகராறு. முடிந்த மாதிரியும் இருந்தது, முடியாத மாதிரியும் இருந்தது. பிறகு சுஜாதா 'மீண்டும் ஜீனோ' என்று இரண்டாம் பாகமே எழுதினார். "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்றார்கள் இரண்டு பேருமே.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் பள்ளியில் வருடக் கடைசியில் பரிசளிப்பு நடக்கும். சிவப்பு அட்டை, தங்க எழுத்து போட்ட புத்தகங்கள் கொடுப்பார்கள். 1962இல் எனக்குக் கிடைத்தது ழூல் வேர்ன் எழுதிய 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்'. அதுவும் முதலில் பத்திரிகையில் தொடராக வந்ததுதான், 1869 முதல் 1870 வரை. நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல். அதன் தலைவன் நெமோ. லத்தீனில் நெமோ என்றால் 'யாருமில்லை' என்று பொருள். அவன் எந்த நாட்டுக்காரன், ஏன் உலகத்தின் மேல் இவ்வளவு கோபம், ஒன்றும் சொல்லமாட்டார். கடைசியில் நார்வே பக்கத்துப் பெரும் நீர்ச்சுழலில் கப்பல் மாட்டிக்கொள்கிறது. கதை சொல்கிறவர் தப்பித்துவிடுகிறார். நெமோ பிழைத்தானா, செத்தானா, யார் அவன்? தெரியாது. கதை முடிந்தது.

பன்னிரண்டு வயதில் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, அடுத்த பக்கம் கிழிந்துபோய்விட்டதோ என்று தைத்த இடத்தை விரித்துப் பார்த்தேன்.

எங்கள் வாத்தியாரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பள்ளி நூலகத்திலிருந்து அதே ஆசிரியரின் 'மர்மத் தீவு' புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். கனமான புத்தகம். அரைகுறையாகப் புரிந்துகொண்டு மூன்று மாதம் படித்தேன். அதன் கடைசிப் பகுதியில் நெமோ வருகிறான், கிழவனாக, சாகும் தறுவாயில். அவன் யார் தெரியுமா? இந்தியன். தக்கார் என்ற இளவரசன். புந்தேல்கண்ட் ராஜாவின் மகன், திப்பு சுல்தானின் மருமான் முறை. 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்றுக் குடும்பத்தை இழந்தவன்.

நான் வகுப்பில் குதித்தேன். நெமோ நம்மாள்! ஆனால் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. யார் என்று தெரியாத வரைக்கும்தான் அவன் பெரியவனாக இருந்தான், இப்போது சாதாரண மனிதனாகிவிட்டான் என்றான் ஒருவன். இரண்டு புத்தகத்திலும் வருடங்கள் ஒத்துப்போகவில்லையே என்றான் கணக்கில் கெட்டிக்காரனான இன்னொருவன். அவன் சொன்னது உண்மை. தேதிகள் ஒத்துப்போகாது. புத்தகத்திலேயே அடிக்குறிப்புப் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வேர்ன் முதலில் நெமோவை ரஷ்யர்களிடம் அடிபட்ட போலந்துக்காரனாகத்தான் நினைத்திருந்தார் என்றும், ரஷ்யாவிலும் புத்தகம் விற்க வேண்டுமே என்று பதிப்பாளர் எட்ஸெல் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் பெரியவனான பிறகுதான் படித்தேன். என் பன்னிரண்டு வயது சந்தோஷத்துக்குக் காரணம் ஒரு பதிப்பாளரின் வியாபாரக் கணக்கு. அதனால் அந்தச் சந்தோஷம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நான் அப்படிக் குதித்ததற்கு வேறு காரணமும் உண்டு. அந்த நேரத்தில் எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான் நடந்துகொண்டிருந்தது. நாம் யார், எந்த நாட்டுக்காரர்கள்?

இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் இந்திய நிர்வாகத்துக்கு வந்தன. ஆனால் சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16இல்தான். அன்றிலிருந்து இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுப் பிரஜைகள் எல்லாம் இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதைத்தான் நம் ஊரில் 'ஒப்சியோன்' என்பார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்குத் தகப்பன் முடிவுதான் முடிவு.

பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சொல்தா. இந்தோசீனா வரைக்கும் போய்வந்தவர். யோசிக்கவே இல்லை, எழுதிக் கொடுத்தார். என் அப்பா பிரெஞ்சுக் காலத்திலேயே குமாஸ்தா. அவரும் எழுதிக் கொடுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆறு மாதம் முடிந்தது. 1963 பிப்ரவரி தாண்டியது. அப்பா கொடுக்கவில்லை. நாங்கள் இந்தியர்களாக இருந்துவிட்டோம்.

பெரியப்பா குடும்பம் பிரான்ஸுக்குப் போனது. அதன் பிறகு அறுபது வருடங்களாக எங்கள் வீட்டுக் கல்யாணம், கருமாதி எதுவானாலும் இந்தப் பேச்சு வராமல் இருந்ததில்லை. "சித்தப்பா அன்னிக்கு ஒரே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா..." என்று ஆரம்பிப்பார்கள். ஒரு கட்சி அப்பாவைத் தேசபக்தர் என்று சொல்லும். இன்னொரு கட்சி, சோம்பேறித்தனம், நாளைக் கடத்திவிட்டார் என்று சொல்லும். பாட்டி விடவில்லை, கடைசி மகனும் போய்விட்டால் கொள்ளி போட யார் என்று அழுதாள் என்பது என் அம்மாவின் கட்சி. அப்பாவிடம் நானே இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை, "நேரமாச்சு, போய்ப் படி" என்றார். இரண்டாம் தடவை கேட்டபோது எனக்கு முப்பது வயது. நான் சர்க்கார் வேலையில் இருந்தேன். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

1989இல் அப்பா காலமானார். அவருடைய தகரப் பெட்டியை ஒழுங்கு பண்ணும்போது பழைய காகிதங்களுக்கு நடுவில் ஒரு கடிதம். பிரெஞ்சில், அப்பாவின் அழகான சாய்ந்த கையெழுத்தில். தன் பெயர், பிறந்த தேதி, மனைவி, பிள்ளைகள் பெயர், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவதாக அறிவிப்பு. தேதி 1963 பிப்ரவரி 4. கெடுவுக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருக்கிறது. கீழே கையெழுத்தும் இருந்தது.

போடாத கையெழுத்து என்று ஊரே சொன்ன கையெழுத்து. போட்டிருக்கிறார். கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

இதை அம்மாவுக்கும் என் மனைவிக்கும் தவிர யாருக்கும் நான் காட்டியதில்லை. காட்டினால் சண்டை தீருமா? தீராது, புதிதாக ஆரம்பிக்கும். எழுதிய பிறகு மனம் மாறினாரா, பாட்டி கையைப் பிடித்தாளா, போகிற வழியில் திரும்பிவிட்டாரா? முப்பத்தைந்து வருடம் கோப்புகள் பார்த்தவன் நான். கோப்பில் கடைசிக் குறிப்பு என்று ஒன்று இருக்கும்: 'மேல் நடவடிக்கை தேவையில்லை, கோப்பை முடித்து வைக்கலாம்.' மனு போட்ட இரண்டு பேரில் ஒருவராவது அதைப் படித்துவிட்டு, இது முடிவே இல்லை என்று மேல்முறையீட்டுக்குப் போவார். இரண்டு பேரும் திருப்தியாக வீட்டுக்குப் போன கோப்பு என் கைக்கு வந்ததாக நினைவில்லை. ஆனாலும் முடித்துத்தான் வைக்க வேண்டும். அலமாரியில் இடம் வேண்டுமே. அப்பாவின் கோப்பை மட்டும் என்னால் முடிக்க முடியவில்லை.

பேத்தி கேட்ட கேள்விக்குப் பதிலாக இதையெல்லாம் சொன்னேன். தகரப் பெட்டியிலிருந்து கடிதத்தையும் எடுத்துக் காட்டினேன். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை அவனுக்குக் காட்டலாமா தாத்தா?" என்றாள். கொஞ்சம் யோசித்தேன். சரி என்றேன்.

அன்று இரவே சார்செல் பையன் கூப்பிட்டான். கடிதத்தின் படத்தைப் படித்திருந்தான். ஒரு வார்த்தை மட்டும் புரியவில்லை என்று கேட்டான், சொன்னேன். பிறகு பிரெஞ்சில் கேட்டான்: "அப்படியென்றால் காரணம் தெரியவே போவதில்லையா?"

"தெரியாது" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "எங்கள் வீட்டிலும் இதே சண்டைதான் தாத்தா. கொள்ளுத்தாத்தா கையெழுத்துப் போட்டது சரியா தப்பா என்று. அவர் கடைசி வருடங்களில் குளிர்காலம் வந்தால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அரசலாற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். இங்கே இருந்திருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பார் என்று பாட்டி சொல்லுவாள். அங்கே இருந்திருந்தால் பிரான்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்பார் என்று அப்பா சொல்லுவார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். எங்கள் பெரியப்பாவைத் தெரிந்தவர்கள் அவன் அப்பா கட்சியில்தான் சேருவார்கள்.

"சரி, அந்தப் பெண் என்ன ஆனாள்? நீ சொல்லு" என்றேன்.

"எனக்கு இன்னமும் கோபம்தான். ஆனால் மறுபடி ஒரு தடவை பார்க்கப் போகிறேன்" என்றான்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் என் மனைவி. போனை வைத்ததும் சொன்னாள். "இதுக்கு ஏங்க இவ்வளவு அடிச்சுக்கிறீங்க? நம்ம ஊர்ல வருஷா வருஷம் ஆனி பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா நடக்குது. வருஷா வருஷம் அம்மையாருக்குக் கல்யாணம் ஆகுது. வருஷா வருஷம் பரமதத்தன் விட்டுட்டுப் போறான், அந்தம்மா பேயுருவாகிக் கைலாசம் போகுது. எனக்கு அந்த முடிவு என்னிக்குமே பிடிச்சதில்ல. கட்டுன பொண்டாட்டியைப் பார்த்து பயந்து ஓடினவனுக்கு ஒரு தண்டனையும் இல்ல. ஆனா ஒரு வருஷம் போகாம இருந்திருக்கேனா? மாங்காய் பிடிக்காம வந்திருக்கேனா?"

ஐம்பது வருடமாக என்னோடு திருவிழாவுக்கு வருகிறாள். அந்த முடிவு அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கடிதத்தை மறுபடி பெட்டியில் வைக்கப் போனேன். பேத்தி தடுத்தாள். ஒரு பிளாஸ்டிக் உறை கொண்டுவந்து அதில் போட்டு, என் மேஜை டிராயரில் வைத்தாள். "பெட்டியில இருந்தா பூச்சி அரிச்சுடும் தாத்தா. இங்கயே இருக்கட்டும்" என்றாள். பிறகு கதவுவரை போய்த் திரும்பி, "நான் நினைக்கிறேன், அவர் கொடுக்கத்தான் போயிருப்பார். போற வழியில உங்களை ஸ்கூல் வாசல்ல பார்த்திருப்பார்" என்றாள்.

அதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. பிப்ரவரி மாதத்தில் ஒரு நாளும் அப்பா பள்ளிக்கூடம் பக்கம் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவளிடம் அதைச் சொல்லவில்லை. "இருக்கும்மா" என்றேன்.